பார்டர் தந்த வரிவிலக்கு

ஓசூரில் நின்று ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால் ஸ்கூட்டர் புதிதாகப் பிறந்துவிடும் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது ஆகியிருந்தது. பி.காம். படித்திருந்தேன். மற்றவர்களுடைய செலவுக் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பதற்காக ஒரு கம்பெனியில் எனக்குச் சம்பளமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னை அப்படி நம்பவைத்தவரின் பெயர் பார்டர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். பெங்களூரில் நாங்கள் இருந்த ஈஜிபுராவில் அது தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. அந்தம்மா புருஷன் பெயரைச் சொல்லமாட்டார். கர்நாடகத்தின் வாகன வரியைப் பற்றி பார்டர் அளவுக்கு யோசித்தவர், பேசியவர், பயந்தவர் வேறு யாரும் இல்லை. அந்த வரியைப் போட்டவர்கள்கூட, போட்ட அன்று மாலையே அதை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள். பார்டர் மறக்கவில்லை.

புது நூற்றாண்டு பிறந்த சமயத்தில் நான் திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு மாற்றலாகி வந்தேன். கிளம்புவதற்கு முன்னால் அக்கவுண்டன்ட் லட்சணமாக உட்கார்ந்து பட்ஜெட் போட்டேன். வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ், சாமான் ஏற்ற லாரி, காஸ் மாற்றுவது, பெண்ணின் பள்ளிக்கூடம், ஜன்னல் திரைக்குத் துணி வரை எழுதினேன். என் மனைவி வசந்தா, "ஸ்கூட்டருக்கு ஒண்ணும் வேண்டாமா?" என்று கேட்டாள். "அதுக்கு என்ன, அதுதான் நம்மகிட்ட இருக்கே" என்றேன். இருப்பதற்கு எதற்குச் செலவு என்பது என் பொருளாதாரம்.

குடிவந்த வாரமே மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் டேப் தொங்கியது. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் துணி வெட்டும் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். என் ஸ்கூட்டரைச் சுற்றி வந்து, பெரிய டாக்டர் வார்டில் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இன்னா குரு, டிஎன் வண்டியா?" பெங்களூரில் எல்லோரும் குருதான்.

"ஆமா சார்."

"லைஃப் டாக்ஸ்?"

"வாங்கும்போதே கட்டியாச்சு சார். திருப்பத்தூர்ல."

அவர் முகத்தில் இரக்கம் படர்ந்தது. "அது அங்க இருக்கற லைஃபுக்கு. கர்நாடகா வந்துட்டா வண்டிக்கு மறுஜென்மம். மறுபடியும் மொதல்லேர்ந்து கட்டணும்."

"எவ்வளவு சார்?"

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார். அவர் சொன்ன தொகையில் நான் இன்னொரு ஸ்கூட்டர் வாங்கி, அதற்கும் சேர்த்து வரி கட்டியிருக்கலாம்.

"கட்டலைன்னா?"

"சீஸ். வண்டி போயிடும்" என்றார். கையால் வெட்டுவதுபோல் காட்டினார். துணி வெட்டுகிறவர் கை. காற்றே இரண்டாகப் பிளந்தது. பிறகு குரலைத் தணித்தார். "பயப்படாத. ஒரு மாசம் டைம் கீது. அதுக்குள்ள பார்டரைத் தாண்டிட்டுத் திரும்பி வந்துட்டேன்னு வெச்சுக்க, அன்னிலேர்ந்து புதுசா ஒரு மாசம். சட்டத்துல ஓட்டை கீது குரு. நம்ம வண்டி அதுல தாராளமா பூரும்."

பிறகுதான் விசாரித்தேன். அவருக்குப் பார்டர் என்ற பெயர் வந்த கதை அதுதான்.

அன்று முதல் காக்கி நிறமே எனக்கு ஆகாமல் போயிற்று. போஸ்ட்மேனைப் பார்த்துச் சந்துக்குள் திரும்பினேன். பஸ் கண்டக்டருக்கு ஒரு தடவை வணக்கம் வைத்தேன். ஒருநாள் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் பைக்கில் என்னைத் துரத்திக்கொண்டே வந்தார். நான் வேகம் எடுக்க அவரும் எடுத்தார். கோரமங்களா முழுவதும் சுற்றி, கடைசியில் யாரோ ஒருவருடைய வீட்டுக் காம்பவுண்டுக்குள் புகுந்து, செம்பருத்திச் செடி மறைவில் நின்றேன். அவர் வாசலில் நிறுத்தி மூச்சு வாங்கினார். "சார், ஸ்டாண்டு! சைடு ஸ்டாண்டு எடுக்காம ஓட்றீங்க!" என்றார். காஸ் சிலிண்டர் போடுகிறவராம்.

பார்டரின் வண்டி ஒரு பழைய மொபெட். தமிழ்நாட்டு எண். அதன் நிறத்தைப் பற்றி எங்கள் வீதியில் இரண்டு கருத்துகள் இருந்தன. அதை எதற்காக யாராவது பறிமுதல் செய்யப்போகிறார்கள் என்று சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. ஏனென்றால், அந்த மொபெட் எதற்கு என்பதை வாரா வாரம் காலையில் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி சரோஜாக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சுணங்கிப்போயிருந்தன. வாய் சற்றே கோணியிருந்தது. பேச்சு கோணவில்லை. கைக்குக் கரண்ட் வைக்க வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பஸ்ஸில் ஏற முடியாது. எங்கள் சந்துக்குள் ஆட்டோ வராது. வந்தாலும், பத்தடி நடந்து ஏற அந்தம்மா எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குப் பொறுமை இருக்காது. பார்டர் மொபெட்டை வாசல்படியை ஒட்டி நிறுத்துவார். படியிலிருந்து அப்படியே பின்சீட்டில் அக்காவைச் சரித்து உட்காரவைப்பார். பிடித்துக்கொள்ள ஒரு கைதான் இருந்ததால், ஒரு நீளத் துண்டால் அக்காவைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்.

"இறுக்கிக் கட்டுய்யா வக்கீலு. பாதியில நான் உழுந்தா நீ ஆஸ்பத்திரிக்குப் போயித்தான் பாப்ப."

"நீ உழுந்தா சத்தம் கேக்கும்டி."

"நான் உழற சத்தமா, பேசற சத்தமா?"

இப்படியே பேச்சோடு வண்டி போகும். அந்த வண்டி போய்விட்டால் சரோஜாக்காவுக்கு ஆஸ்பத்திரி இல்லை. இது வீதியில் எல்லோருக்கும் தெரியும். அதனால் பார்டர் வரியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாங்கள் சிரித்தாலும் பாதியில் நிறுத்திக்கொள்வோம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்வலம் கிளம்பும். டிஎன் வண்டிக்காரர்கள் ஐந்தாறு பேர். முன்னால் பார்டரின் மொபெட். அது போகும் வேகத்தில்தான் மற்றவர்களும் போகவேண்டும். பொம்மனஹள்ளி, சந்தாபுரா, அத்திப்பள்ளி என்று ஓசூர் ரோடு முழுக்க லாரிகள் எங்களைத் திட்டிக்கொண்டே தாண்டும். எல்லோரும் பட்டுக்கரை வேட்டி கட்டியிருக்கவேண்டும் என்பது பார்டரின் உத்தரவு. வழியில் யாராவது மறித்தால், தமிழ்நாட்டிலிருந்து பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறோம் என்று சொல்லவேண்டும். சாட்சிக்கு அவர் சட்டைப்பையில் ஒரு கல்யாணப் பத்திரிகை எப்போதும் இருக்கும். வியர்வையில் நனையாமல் லேமினேட் செய்திருந்தார்.

"மாப்ளை பேரு?" என்று பார்டர் பரீட்சை வைப்பார்.

"செந்தில்குமார்" என்போம் கோரஸாக.

"பொண்ணு பேரு?"

"திருவளர்செல்வி" என்பான் ஒருவன். பத்திரிகையில் அது வரை படித்தவன்.

ஓசூர் சேர்ந்ததும் சடங்குகள் ஆரம்பமாகும். என்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தமிழ்நாட்டு மண்ணில் சற்று நிற்கவிடவேண்டும். பெட்ரோல் பங்க்கில் தண்ணீர் வாங்கிச் சக்கரங்களைக் கழுவவேண்டும். "கர்நாடகா மண்ணு ஒட்டிகினு இருந்தா அது எவிடென்ஸ்" என்பார். பெட்ரோல் போட்டு, வண்டி எண்ணை எழுதி பில் வாங்கவேண்டும். பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் டீ. கடைசிச் சொட்டு வரை குடித்ததும் பார்டர் ஒவ்வொரு வண்டியின் ஹேண்டில்பாரையும் தட்டிக்கொடுத்து, "போ, இன்னிக்குத்தான் பொறந்த" என்பார். சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பும்போது என் ஸ்கூட்டர் லேசாக ஓடுவதுபோலவே இருக்கும்.

ஒருமுறை திரும்பி வரும்போது அத்திப்பள்ளியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். மற்றவர்கள் தாண்டிவிட்டார்கள். மாட்டியது நான். அவர் வாயைத் திறப்பதற்கு முன், "செந்தில்குமார் கல்யாணம் சார்" என்றேன்.

"சரி" என்று அவர் என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். சந்தாபுரா வரை லிஃப்ட் வேண்டுமாம்.

பயத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் வேலை, பெண்ணின் படிப்பு, இரண்டு வீட்டாருக்கும் பந்தக்காலில் வந்த மனஸ்தாபம் என்று ஒரு குடும்பத்தையே வழி நெடுக உருவாக்கினேன். அவர் நல்ல தமிழில் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்.

"சாப்பாடு எப்படி?"

"வடை, பாயசம், ரெண்டு ஸ்வீட்டு சார்."

"எந்தச் சத்திரம்? டூட்டி முடிஞ்சுதான் போறேன். நானும் வர்றேனே."

சந்தாபுராவில் அவர் இறங்கித் தொலைக்கும் வரை, அந்தச் செந்தில்குமாருக்கு அம்மை போட்டு முகூர்த்தம் தள்ளிப்போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்புறம் எதுக்கு இவ்ளோ தூரம் போறீங்க?" என்றார் அவர். "பார்க்கத்தான் சார்" என்றேன்.

இப்படியே ஓடியிருக்கும், அந்தச் செவ்வாய்க்கிழமை வராமல் இருந்திருந்தால். ஆபீஸ் போகும் வழியில் மடிவாளா அருகே டிராஃபிக்கில் நின்றபோது, எனக்கு முன்னால் பார்டரும் சரோஜாக்காவும் மொபெட்டில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்கும் முன்னால் ஆர்.டி.ஓ. ஜீப். வெளி மாநில எண்களாகப் பார்த்து ஓரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பலாம் என்றால் பின்னால் ஆட்டோக்கள் அடைத்துவிட்டன.

இன்ஸ்பெக்டர் மொபெட்டை நிறுத்தி, "எல்லிந்தா பர்த்திதீரா?" என்றார்.

"ஓசூர்லேர்ந்து சார். கல்யாணத்துக்கு" என்றார் பார்டர். பத்திரிகையை எடுத்து நீட்டினார். அதைத் தமிழ் தெரிந்த ஓர் உதவியாள் வாங்கிப் பார்த்தார்.

"சார், இது மூணு வருசம் முன்னாடி நடந்த கல்யாணம்."

இன்ஸ்பெக்டர் துண்டைப் பார்த்தார். தமிழுக்கு மாறினார். "கல்யாணத்துக்குப் பொண்டாட்டிய கட்டித்தான் கூட்டிட்டுப் போவியா?"

பார்டருக்குத் தெரிந்த சட்டம் எல்லாம் அந்த நிமிஷம் அவரை விட்டுப் போய்விட்டது. பின்னாலிருந்து சரோஜாக்கா பேசினார்.

"கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். நாங்க ஈஜிபுரா. வருசக்கணக்கா இங்கதான் கீறோம். எனக்குக் கை உழுந்துடுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போறோம். வண்டி வேணும்னா எடுத்துக்கோங்க. ஆனா மொதல்ல என்னை அவுத்து உட்டு, உக்கார ஒரு எடம் காட்டுங்க."

ஆட்டோக்காரர்கள்கூட ஹாரனை நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் ஆர்.சி.யை வாங்கிப் படித்தார்.

"வண்டி உன் பேர்லயே இல்லையே. கோவிந்தராஜ் யாரு?"

பார்டர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கண்ணன்" என்றார் சரோஜாக்கா.

இன்ஸ்பெக்டர் வண்டியைப் பறிக்கவில்லை. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். கோவிந்தராஜிடம் கையெழுத்து வாங்கி, வண்டி பதிவான கிருஷ்ணகிரியிலிருந்து தடையில்லாச் சான்று கொண்டுவந்து, பெயர் மாற்றி, வரி கட்டவேண்டும். அடுத்த மாதம் முடிவதற்குள். "அதுக்கப்புறம் பார்த்தா எடுத்துடுவேன். இப்ப போங்க, டாக்டர் காத்துட்டு இருப்பாரு" என்றார்.

அடுத்து என் முறை. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை, "நானும் ஈஜிபுராதான் சார்!" என்று கையை உயர்த்தினேன். எனக்கும் ஒரு சீட்டு கிடைத்தது.

அன்று மாலை பார்டர் மாடியிலிருந்து இறங்கவில்லை. நான் ஏறிப் போனேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சரோஜாக்காதான் சொன்னார். நோய் வந்த புதிதில் கோவிந்தராஜ் தங்கையைக் கிருஷ்ணகிரிக்கே கூட்டிப்போக வந்திருக்கிறார். என் பெண்டாட்டியை நான் பார்த்துக்கொள்வேன் என்று இவர் மறுத்திருக்கிறார். "எதுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவ? என் வண்டியிலயா?" என்று அண்ணன் கேட்டுவிட்டார். அண்ணன் கொடுத்துவைத்திருந்த மொபெட்டின் சாவியை இவர் தூக்கி வீசினார். அண்ணன் அதை எடுக்காமல் போய்விட்டார். அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

"எடுத்துகினு போயிருந்தா ரோஷம். வுட்டுட்டுப் போயிட்டான், அதான் இவருக்குத் தாங்கல" என்றார் சரோஜாக்கா.

பார்டர் சுவரைப் பார்த்தபடியே, "நான் போய்க் கேட்டா, கையெழுத்துப் போடமாட்டேன், வண்டியத் திருப்பிக் குடுன்னு சொன்னா? இவள எதுல கூட்டிகினு போவேன்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. இத்தனை காலமாக அவர் பயந்தது கர்நாடக அரசாங்கத்துக்கு அல்ல. கிருஷ்ணகிரியில் இருந்த ஒரு மச்சானுக்கு. மாதா மாதம் அவ்வளவு தூரம் போய், ஓசூரோடு திரும்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஓசூரில் வழக்கமான கடையில் டீ குடித்தோம். குடித்து முடித்ததும் அவர் பெங்களூர் பக்கம் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

"அண்ணே, கிருஷ்ணகிரி இந்தப் பக்கம்."

"தெரியும் குரு. காலுதான் அப்படியே திரும்பிகினு போவுது."

கோவிந்தராஜ் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெரிய மீசை. எங்களைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார். உட்காரச் சொல்லவில்லை. நாங்களும் உட்காரவில்லை. நான் பார்டருக்குப் பின்னால் நகர்ந்தேன். என் மச்சான்கூட இல்லை அவர்.

"எப்பிடி இருக்கா?" என்றார்.

"பேசறா" என்றார் பார்டர்.

"அவ எப்பவும் பேசுவா. நடக்கறாளா?"

"செவுத்தப் புடிச்சிகினு."

கோவிந்தராஜ் பேப்பரை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். பார்டர் இன்ஸ்பெக்டர் கொடுத்த சீட்டை எடுத்து நீட்டினார். "வண்டி உன் பேர்ல கீது. கையெழுத்து வேணும். போட்டா போடு. வண்டிதான் வேணும்னாலும் சொல்லு. ஆனா அவ ஆஸ்பத்திரிக்கு..."

"அன்னிக்குச் சாவியத் தூக்கி எறிஞ்சியே, அது எங்க உழுந்துச்சு தெரியுமா?" என்றார் கோவிந்தராஜ்.

"தெரியாது."

"என் கால் கட்டை விரல்ல. நகம் போயிடுச்சு." காலை நீட்டிக் காட்டினார். நான் குனிந்து பார்த்து, "நல்லா வளந்துடுச்சே சார்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அவர் என்னை முறைத்தார். பிறகு உள்ளே திரும்பி, "பேனா எடுத்துட்டு வா. மூணு டீயும் போடு" என்று குரல் கொடுத்தார்.

கையெழுத்துப் போடும்போது, "வரி எவ்ளோ வரும்?" என்று கேட்டார். பார்டர் அவர் காதில் சொன்னார்.

"யோவ்! வண்டிய நான் வாங்கினதே அதுல பாதிக்குத்தான்யா! சரி, நானே கட்டிடறேன்."

"வேணாம். வண்டி உன்னுது. வரி என்னுது" என்றார் பார்டர்.

கோவிந்தராஜ் விடவில்லை. சான்று கைக்கு வந்ததும், தானும் பெங்களூர் வந்துவிட்டார். நேராக மாடிக்குத்தான் ஏறினார். "வண்டிக்குத்தான வந்த?" என்றார் சரோஜாக்கா. பெரிய மீசைக்காரர் தங்கையின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் கீழே இறங்கிவிட்டேன்.

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனோம். மொபெட்டின் சேஸிஸ் எண் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். அழுக்குக்கு அடியில் எண் இருப்பதைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. கவுன்டரில் இருந்தவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொன்னார். பார்டர் அசையவில்லை.

"சார், இன்னொரு வாட்டி பாருங்க. கம்மியா கீது."

"பழைய வண்டிரீ. வயசு ஆக ஆக டாக்ஸ் கம்மி."

"இல்ல சார், நல்லாப் பாருங்க..."

"ஜாஸ்தி கட்டறதுக்கு இங்க கவுன்டர் இல்லப்பா" என்றார் அவர்.

நான் ஓரமாகப் போய் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். மாதா மாதம் ஓசூருக்குப் போட்ட பெட்ரோல், டீ, வேட்டிச் சலவை. பி.காம். படித்தவன் முதல் நாளே போட்டிருக்கவேண்டிய கணக்கு. மொபெட்டின் வரி அதைவிடக் குறைவு. பிறகு பார்த்தால், என் ஸ்கூட்டரின் வரியும் அப்படித்தான்.

நடந்தது இவ்வளவுதான். கேட்டார்கள், கட்டினோம். எங்கள் வண்டிகளில் ஒன்றையும் யாரும் எடுத்துப் போகவில்லை. இரண்டுக்கும் கேஏ என்று தொடங்கும் புது எண் வந்தது. சரோஜாக்காவின் ஆஸ்பத்திரி ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை. அடுத்த மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.